புறநிலை உண்மையா, நடுநிலை உண்மையா?

'அப்ஜெக்டிவ் ட்ரூத்' என்பதை 'நடுநிலை உண்மை' என்று மொழிபெயர்ப்பது பெருகிவிட்டது. இது பொருளையே கெடுக்கும் தவறு. 'புறநிலை உண்மை' என்பதே சரி.

அப்ஜெக்டிவ் என்ற சொல்லின் மூலம் லத்தீன்: முன்னே எறியப்பட்டது, எதிரில் கிடப்பது. இடைக்கால ஐரோப்பியத் தத்துவத்தில் இச்சொல் மனத்தின்முன் எண்ணமாக நிற்பதையே குறித்தது. பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த்தும் அப்படித்தான் பயன்படுத்தினார். ஜெர்மானியத் தத்துவவாதி காண்டுக்குப் பிறகே இன்றைய பொருள் ஊன்றியது: அறிபவரின் விருப்பு வெறுப்பால் மாறாதது.

நடுநிலையோ ஆளின் குணம். வள்ளுவர் 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்' என்றது தீர்ப்பளிக்கும் சான்றோரை. இரு தரப்பு இருந்தால்தான் நடு உண்டு. எவரெஸ்ட்டின் உயரத்துக்கு ஏது இரு தரப்பு? சமவெளியில் தியோடலைட் என்ற கோணமானியை வைத்து அளந்து, 1856இல் 29,002 அடி என்று அறிவித்தார்கள். காற்றில் ஒளி வளைவதால் தொலைவிலுள்ள சிகரம் இருப்பதைவிட உயரமாகத் தெரியும். அந்த மிகையைக் கழித்தாக வேண்டும். கழிக்காதவர் எத்தனை நேர்மையான நடுநிலையாளராக இருந்தாலும் கணக்கு தப்பு. ஒருபக்கச் சார்புள்ளவர் சரியாகக் கழித்தால் கணக்கு சரி. 'நடுநிலை உண்மை' என்று எழுதுபவர் இந்த வேறுபாட்டையே அழித்துவிடுகிறார். செய்தியாளரைப் பற்றிப் பேசும்போது பொருந்திய சொல்லை அறிவியலுக்கும் தத்துவத்துக்கும் அப்படியே ஒட்டியதன் விளைவு இது.

'புறவயம்' என்ற இன்னொரு மொழிபெயர்ப்பு அவ்வளவு மோசமில்லை. ஆனால் வயம் என்றால் வசம். 'புறவய உண்மை' புறத்துக்கு ஆட்பட்ட உண்மை என்று ஒலிக்கிறது. புறநிலை, புறத்தே நிற்பது என்று நேராகச் சொல்கிறது. தொல்காப்பியம் சொல்லும் 'புறநிலை வாழ்த்து' என்ற வாழ்த்து வகை வேறு; அதனால் இன்று யாரும் குழம்புவதில்லை.

மனிதர் கைபடாத உண்மை இல்லை, ஆகவே புறநிலை என்பதே பொய் என்பாரும் உண்டு. எங்கிருந்து அளப்பது என்பது மனிதர் தேர்வுதான். கடல்மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட்தான் முதலிடம்: அதன் உயரம் 8,848.86 மீட்டர் என 2020இல் நேபாளமும் சீனாவும் அறிவித்தன. பூமியின் மையத்திலிருந்து அளந்தால், நிலநடுக்கோட்டருகே பூமி புடைத்திருப்பதால், 6,263 மீட்டரே உயரமுள்ள ஈக்வடாரின் சிம்போராசோ முந்திவிடும். அளவைத் தொடங்கும் இடத்தை முடிவு செய்தபின் எந்த மலை முந்தும் என்பது எவர் விருப்பத்திலும் இல்லை. புறநிலை என்ற சொல் கேட்பது அவ்வளவுதான்.

அப்ஜெக்டிவ் என்ற ஒரே சொல்லுக்குத் தமிழில் இடத்துக்கேற்ப நோக்கம், நுண்ணோக்கியில் பொருளருகு வில்லை, தேர்வுத்தாளில் கொள்குறி வினா என்று ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறோம். ஆளைச் சொன்னால் நடுநிலை, கூற்றைச் சொன்னால் புறநிலை என்று பிரிப்பதற்கு மட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் ஏன் தயங்க வேண்டும்?