அம்மாவிடம் சொல்லாமல் போர்முனைக்குப் போகாதீர்கள்

"துருக்கியில் ஒரு கல்யாண ஷூட்டிங்." "துபாயில் விளம்பர வேலை." "போலந்துதான்மா, அங்கே சண்டையே கிடையாது." போர்க்களத்தில் படம் எடுக்கப் போகிறவர்கள் வீட்டில் சொல்லிவிட்டுப் போகும் பொய்கள் எனக்கு இப்போது மனப்பாடம். அண்மையில் மறுபடியும் ஒரு தாயார் என் எதிரே உட்கார்ந்து, "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு மேடம், எனக்கு மட்டும்தான் தெரியல" என்று அழுதார். எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன், மறைக்கவில்லை.

நான் சிங்கப்பூரில் குடும்பங்களுக்கு மனநல ஆலோசனை தருபவள். ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். "நம்ம ஊர்ப் பிள்ளைகள் எங்கே போருக்கெல்லாம் போகிறார்கள்" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏபி செய்தி நிறுவனத்துக்குப் படம் எடுத்த சார்லி செல்லப்பா 1966இல் வியட்நாமில் இறந்தார். அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியின் ஒளிப்பதிவாளர்கள் டெரன்ஸ் கூவும் சேம் காய் ஃபேயும் 1972 ஜூலையில் அதே வியட்நாமில் குவாங் திரி அருகே ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள். மூவரும் சிங்கப்பூரர்கள். இங்கே புளோக் வீடுகளில் காத்திருப்பது புதிய விஷயமில்லை.

அந்தத் தாயார் விஷயத்துக்கு வருகிறேன். மகன் தனியாக வேலை செய்யும் படக்காரர், எந்த நிறுவனத்திலும் நிரந்தர வேலை இல்லை. போலந்தில் இருப்பதாகச் சொல்லிவிட்டு உக்ரேனுக்குள் போயிருக்கிறார். அம்மாவுக்குப் பிரஷர், அதனால் சொல்லவில்லையாம். ஆனால் அம்மா மாதக்கணக்கில் போனை ஜிப் பையில் போட்டுக் குளியலறைக்கும் எடுத்துப் போயிருக்கிறார். மகன் வாட்ஸ்அப்பில் கடைசியாக எப்போது வந்தான் என்று பார்த்து, காலண்டர் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். ஒருநாள் குடும்பக் குழுவில் சொந்தக்காரர் ஒருவர் பெருமையாக ஒரு படத்தைப் போட்டார். படத்தின் கீழே மகன் பெயர், தேதி, ஊர்: உக்ரேனின் கார்கிவ். செய்திப் படம் என்றால் கீழே ஊரும் தேதியும் இருக்கத்தான் செய்யும். தன் தொழிலே தன் பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று இவர்களுக்கு எப்படித்தான் தோன்றாமல் போகிறதோ!

"சொன்னால் பயப்படுவார்கள்." இந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு ஆகவே ஆகாதது. அவர்கள் ஏற்கெனவே பயந்துகொண்டுதான் இருக்கிறார்கள். குரலில் ஏதோ சரியில்லை, வீடியோ அழைப்பில் முகத்தையே காட்டுவதில்லை, கேட்டால் பேச்சை மாற்றுகிறான். பெற்றவளுக்கு இது போதாதா? பிள்ளை மேற்கு உக்ரேனின் லிவிவ் நகரில் இருக்கிறான் என்று தெரிந்தால், கார்கிவில் குண்டு விழுந்த செய்தி வரும்போது அவரால் மூச்சு விட முடியும். ஊர் பெயர் தெரியாத அம்மாவுக்கு எந்த ஊரில் விழும் குண்டும் தன் பிள்ளை மேல்தான் விழுகிறது. அப்புறம், இந்தப் பொய்யை நீங்கள் மட்டும் சுமப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து "போலந்தில் குளிராம் அத்தை" என்று நடிக்க வேண்டியவர் உங்கள் மனைவி. ஏதாவது ஆகிவிட்டால், மகன் எங்கே இருந்தான் என்பதையும் என்ன ஆனான் என்பதையும் ஒரே மூச்சில் அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டியவரும் அவர்தான். இது கருணை இல்லை. அம்மாவின் அழுகையை நேரில் பார்க்கும் தைரியம் உங்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

எல்லா விவரமும் சொல்லத் தேவையில்லை. எந்த நாடு, எந்த ஊர், யாரோடு, எப்போது பேசுவேன். இது போதும். பேசும் நேரத்தைச் சிங்கப்பூர் நேரத்தில் எழுதிக் கொடுங்கள். அக்டோபர் கடைசியில் உக்ரேனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அது தெரியாமல் இரவு 11 மணி அழைப்புக்கு நள்ளிரவு வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு மனைவியை எனக்குத் தெரியும். அழைப்பு வராவிட்டால் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும், அதன்பின் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் எழுதுங்கள். செய்தி ஆசிரியர், கூடப் போன சக படக்காரர், வெளியுறவு அமைச்சின் 24 மணி நேர எண். பல போர் நாடுகளில் நமக்குத் தூதரகமே கிடையாது, அதையும் மனத்தில் வையுங்கள்.

ஃபேஸ்புக் அந்தப் பட்டியலில் இல்லை. ஆள் பிடிபட்டிருந்தால், பிடித்தவர்களும் அதைப் படிப்பார்கள். நியூயார்க் டைம்ஸ் நிருபர் டேவிட் ரோட் 2008 நவம்பரில் ஆப்கானிஸ்தானில் கடத்தப்பட்டார். அடுத்த ஜூனில் அவர் தப்பி வரும்வரை குடும்பமும் பத்திரிகையும் வாயைத் திறக்கவில்லை. உங்கள் வீட்டிலிருந்து போகிறவர் மட்டுமே பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியை மூடிய உறையில் வாங்கி வையுங்கள். உயிரோடு இருக்கிறாரா என்று உறுதிப்படுத்த அது வேண்டும். பிறந்தநாள், பூனை பெயர் எல்லாம் வேண்டாம், அவை இணையத்திலேயே கிடைக்கும்.

சொந்தக்காரர்களே, உங்களுக்கும் ஒன்று. ராய்ட்டர்ஸ் படக்காரர் தானிஷ் சித்திக்கி 2021 ஜூலை 16 அன்று ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்டபோது அவர் உடலின் படங்கள் சமூக ஊடகங்களில் சுற்றின. அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால் அழித்துவிடுங்கள். "இன்னுமா போன் வரல?" என்று தினமும் கேட்பதற்குப் பதில் ஒருநாள் சோறு சமைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இனி காகித வேலை. இதில் பலர் ஏமாறுகிறார்கள். நமக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் நீடித்த அதிகாரப் பத்திரம் எழுதியாகிவிட்டது, போதும் என்கிறார்கள். அது நீங்கள் சுயமாக முடிவெடுக்கும் ஆற்றலை இழந்தால்தான் செயல்படும், தலையில் அடிபட்டால் உதவும். ஆள் எங்கே என்றே தெரியாமல் போனால் உதவாது. ஊரில் இல்லாதபோது வங்கி, வீட்டு வேலைகளைப் பார்க்கச் சாதாரண அதிகாரப் பத்திரம் தனியாக வேண்டும். வழக்கறிஞரிடம் கேளுங்கள். மத்திய சேம நிதிப் பணம் உயிலில் வராது, அது யாருக்குப் போக வேண்டும் என்ற நியமனம் தனி. கல்யாணத்துக்கு முன் செய்த நியமனம் கல்யாணமானதும் செல்லாது, பலருக்கு இது தெரியவே தெரியாது. சாதாரணப் பயணக் காப்புறுதியில் போர் விலக்கப்பட்டிருக்கும், சிறிய எழுத்தைப் படியுங்கள்.

காணாமல் போவது இறப்பைவிட வேறு வகை வேதனை. 1970 ஏப்ரலில் கம்போடியாவில் காணாமல் போன அமெரிக்கப் படக்காரர் ஷான் ஃபிளின்னை அவர் தாயார் பெரும் செலவில் வருடக்கணக்காகத் தேடினார். இறந்துவிட்டதாகச் சட்டம் ஏற்றுக்கொண்டது 1984இல்தான். அப்படிக் காத்திருப்பவரிடம் "மனசைத் தேத்திக்க" என்று சொல்லாதீர்கள். கருமாதி செய்யலாமா என்று அவர் கேட்கும்வரை நீங்கள் கேட்காதீர்கள்.

படக்காரர்களுக்கு: தேசிய சேவையில் கற்ற முதலுதவி போதாது, புதுப்பித்துக்கொள்ளுங்கள். 2011இல் லிபியாவின் மிஸ்ராத்தாவில் போர்ப் படக்காரர் டிம் ஹெதரிங்டன் தொடைப் பகுதிக் காயத்திலிருந்து இரத்தம் வெளியேறித்தான் இறந்தார். அதன்பிறகுதான் அவர் நண்பர் செபாஸ்டியன் யங்கர், தனியாக வேலை செய்யும் செய்தியாளர்களுக்கு முதலுதவிப் பயிற்சி அமைப்பைத் தொடங்கினார். இரத்தம் நிறுத்தும் இறுக்குக் கட்டைப் பையின் அடியில் வைக்காதீர்கள், ஒரு கையால் எடுக்கிற இடத்தில் வையுங்கள்.

திரும்பி வந்தபிறகும் வேலை இருக்கிறது. மனநல மருத்துவர் ஆந்தனி ஃபைன்ஸ்டீன் 140 போர்ச் செய்தியாளர்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டதில், 28.6 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஒரு கட்டத்தில் பிடிஎஸ்டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பு, இருந்தது தெரிந்தது. ஆள் வீட்டுக்கு வந்துவிட்டார், ஆனால் தூங்குவதில்லை, குடி கூடிவிட்டது, பிள்ளை பலூன் உடைத்தால் கத்துகிறார் என்றால் "களைப்பு" என்று விட்டுவிடாதீர்கள். பலதுறை மருந்தகத்தில் சொன்னாலே மேற்கொண்டு அனுப்பிவைப்பார்கள். நள்ளிரவில் தாங்க முடியாமல் போனால் எஸ்ஓஎஸ் (சமாரிட்டன்ஸ்) அமைப்பின் உதவி எண் 1767ஐ அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். காத்திருந்த அம்மாக்களும் மனைவிகளும் அழைக்கலாம்.