தண்டு வேறு, துடுப்பு வேறு

2023 செப்டம்பர் 24 அன்று, ஹாங்சோ ஆசிய விளையாட்டில், ஆங்கிலத்தில் ‘ரோயிங்’ எனப்படும் போட்டியின் இருவர் ஓட்டும் படகுகளில் இந்தியாவுக்கு இரண்டு பதக்கங்கள் கிடைத்தன. எடை குறைந்தோர் பிரிவில் அர்ஜுன் லால் ஜாட், அரவிந்த் சிங் இணைக்கு வெள்ளி. பாபு லால் யாதவ், லேக் ராம் இணைக்கு வெண்கலம். தமிழில் இந்த இரண்டையுமே ‘இரட்டையர் துடுப்புப் படகு’ என்று எழுதிவிட்டுப் போவதுதான் வழக்கம். மறுநாள் நால்வர் படகுகளில் இரண்டு வெண்கலம் வந்தது. அதற்கும் ‘நால்வர் துடுப்புப் படகு’ என்ற ஒரே பெயர். ஒரே நாட்டுக்கு ஒரே போட்டியில் இரண்டு வெண்கலம் எப்படி வரும் என்று படிப்பவர் குழம்பினால் தப்பு அவர்மேல் இல்லை.

உண்மையில் இவை நான்கு தனித்தனிப் போட்டிகள். முதல் நாள் வெள்ளி வாங்கிய படகில் ஆளுக்கு இரண்டு தண்டு (படகில் மாட்டி இழுக்கும் நீண்ட கழி), கைக்கு ஒன்று. வெண்கலப் படகில் ஆளுக்கு ஒரே தண்டு, அதை இரண்டு கையாலும் பிடித்து இழுக்க வேண்டும். அதனால் ஒருவர் படகின் இடப்பக்கத்தையும் மற்றவர் வலப்பக்கத்தையும் பார்த்துக்கொள்கிறார். நால்வர் படகிலும் இதே பிரிவினைதான். ஆள்கணக்கை மட்டும் சொல்லிவிட்டுத் தண்டுக்கணக்கை விட்டுவிட்டால் பாதிச் செய்திதான் போய்ச் சேரும். மீதிப் பாதியைக் கெடுப்பது ‘துடுப்பு’.

துடுப்பு என்பது துழாவும் கருவி. களி கிண்டுவதும் துடுப்பால்தான், ஒகேனக்கலில் பரிசல் போடுவதும் துடுப்பால்தான். இரண்டிலும் கருவி முழுக்கக் கைப்பிடியில் இருக்கிறது, வேறெதிலும் மாட்டியிருப்பதில்லை. தண்டு என்றால் கோல், கழி. படகின் விளிம்பில் மாட்டி இழுக்கும் நீண்ட கழிக்கும் அதுவே பெயர். அந்த இழுப்புக்குரிய வினை ‘வலித்தல்’. வில்லின் நாணை வலிப்பது போலத் தண்டையும் வலிப்பார்கள். பழைய தமிழ் விவிலியத்தில் எதிர்காற்றில் சீடர்கள் ‘தண்டு வலிக்கிறதில்’ வருத்தப்படுகிறார்கள் (மாற்கு 6:48). யோனாவின் கப்பலில் இருந்தவர்களும் கரைசேரத் தண்டு வலித்தார்கள். மலையாளத்திலும் தண்டு வேறு, துழ வேறு. ஆங்கில ‘ரோ’வுக்கும் தண்டைக் குறிக்கும் வடமொழி ‘அரித்ர’த்துக்கும் வேர் ஒன்றே என்பார்கள். வேர்க்கதை இவ்வளவு போதும்.

ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் என்று இதை ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் இவை இரண்டு கருவிகள், இயங்கும் விதமும் வேறு. துடுப்புப் போடுகிறவர் போகும் திசையைப் பார்த்து உட்காருகிறார். ஒரு கை துடுப்பின் தலையிலும் மறு கை நடுவிலும் இருக்கும், சுமை முழுக்கத் தோளுக்கும் உடம்புக்கும்தான். தண்டு வலிப்பவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்காருகிறார். படகின் பக்கவாட்டில் நீட்டிய சட்டத்தின் நுனியில் ஒரு கொக்கி இருக்கும், தண்டு அதில் மாட்டியிருக்கும். சட்டத்துக்குப் பழகியவர்கள் சொல்லும் பெயர் ரிக்கர். ஒற்றைத்தண்டு ஏறக்குறைய 370 செ.மீ. நீளம், அதில் 114 செ.மீ. அளவுக்குக் கொக்கிக்கு உள்பக்கம் இருக்கும். இரட்டைத்தண்டில் ஒவ்வொன்றும் 288 செ.மீ. போல, உள்பக்கம் 88 செ.மீ. இந்த உள்–வெளி அளவுகளில் 1 செ.மீ. மாற்றினாலும் இழுப்பு கனத்துவிடும் அல்லது லேசாகிவிடும். துடுப்பில் இப்படி ஒரு கணக்கே கிடையாது.

இருக்கை தண்டவாளத்தில் முன்னும் பின்னும் உருளும், கால் பலகையில் கட்டிய காலணிக்குள் இருக்கும். முழங்கால் மடங்கி, கை நீண்டு, தண்டின் தட்டையான நுனியாகிய அலகு நீரில் செங்குத்தாக இறங்குவது முதல் கட்டம். அடுத்தது இழுப்பு. முதலில் கால் பலகையை உதைக்க வேண்டும், கால் நீண்ட பிறகு முதுகு சாய வேண்டும், கடைசியாகத்தான் கை மடங்கி நெஞ்சுக்கு வர வேண்டும். விசையில் பெரும்பங்கு காலுடையது. புதிதாக ஏறுகிறவர் எல்லாருமே இந்த வரிசையைத் தலைகீழாக்குவார்கள்: கையை முதலில் மடக்கிவிடுவார்கள், கால் உதைக்கும்போது பிடித்து நிறுத்தக் கையில் எதுவும் இருக்காது. இழுப்பு முடிந்ததும் அலகை மேலே எடுத்து, மணிக்கட்டைத் திருப்பிப் படுக்கையாக்கி, மெதுவாக உருண்டு முன்னே வர வேண்டும். அலகை வெளியே எடுக்கும் முன்பே திருப்பிவிட்டாலோ, தாமதமாக எடுத்தாலோ நீர் அதைக் கவ்விக்கொள்ளும். படகு போகும் வேகத்தில் தண்டின் பிடி வயிற்றிலோ நெஞ்சிலோ மோதும், சமயத்தில் ஆளையே தூக்கி நீரில் எறிந்துவிடும். ஆங்கிலத்தில் இதற்கு நண்டைக் காட்டும் ஒரு வழக்கு உண்டு. அதை அப்படியே ‘நண்டு பிடித்தார்’ என்று தமிழில் போட்டால் படிப்பவர் குழம்புக்கு என்று நினைத்துக்கொள்வார். ‘தண்டு சிக்கியது’ என்றால் முடிந்தது.

போட்டிச் சொற்களுக்கு வருவோம். ‘படகோட்டம்’ என்ற பொத்தாம்பொதுச் சொல்லை முதலில் ஒதுக்கலாம். பாய்மரப் படகும், துடுப்பால் ஓட்டும் கயாக்கும் கனோவும் அதற்குள் அடங்கிவிடும், ஒலிம்பிக்கிலோ பாய்மரம், கயாக்–கனோ, தண்டுப் படகு மூன்றும் வேறு வேறு விளையாட்டுகள், வேறு வேறு உலகச் சங்கங்கள். தண்டு விளையாட்டின் சங்கம் 1892இல் டூரினில் தொடங்கியது. ‘படகு சவாரி’ என்று எழுதுபவர் ஊட்டி ஏரியிலேயே இருக்கட்டும்.

‘துடுப்பு’ அணியின் வாதம் கொஞ்சம் வலுவானது. எல்லாருக்கும் தெரிந்த சொல், அகராதிகளும் தண்டையும் துடுப்பையும் சேர்த்தே பொருள் தருகின்றன, இப்போது எதற்குப் புதிதாக ஒன்று என்பார்கள். தண்டு ஒன்றும் புதிதல்ல என்பதை மேலே பார்த்தோம். தெரிந்த சொல் என்பது மட்டுமே தகுதியானால், கயாக் போட்டியும் தண்டுப் போட்டியும் ஒரே நாளில் நடக்கும்போது என்ன எழுதுவார்கள்? இரண்டும் துடுப்புப் படகா? கேரளத்தின் புன்னமடை ஏரியில் 1952 முதல் நடக்கும் நேரு கோப்பையில் சுண்டன் வள்ளங்கள் எனும் பாம்புப் படகுகள் ஓடுகின்றனவே, அவற்றில் இருப்பவர்கள் முன்னே பார்த்து உட்கார்ந்து துழாவுகிறார்கள். அதுதான் உண்மையான துடுப்புப் படகுப் போட்டி. அந்தப் பெயரை வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டால் அதற்கு என்ன பெயர் வைப்பது? இலங்கைத் தமிழரிடம் போய்த் ‘துடுப்பு’ என்றால் கிரிக்கெட் மட்டைதான் நினைவுக்கு வரும், துடுப்பாட்டம் என்றால் அங்கே கிரிக்கெட். 1898இல் தொடங்கிய சென்னை–கொழும்பு படகுப் போட்டியை இரு ஊர்த் தமிழருக்கும் ஒரே சொல்லில் சொல்லிப் பாருங்கள்.

எதிர்ப்பக்கம் ஒரு நியாயம் உண்டு. ‘தண்டுவலி’ என்று பெயராக்கினால் தண்டுவடத்தில் வலி என்று மருந்துக்கடைக்குப் போவார்கள். ‘வலிப்பு’ என்றால் இன்னும் மோசம், சாவிக்கொத்தைக் கையில் கொடுப்பார்கள். ‘நிமிடத்துக்கு 36 இழுப்பு’ என்றால் மூச்சிரைப்பு. நோயின் பெயராக இல்லாத இழுக்கும் சொல் தமிழில் அகப்படுவது அரிதுதான். ஆகவே வினையைத் ‘தண்டு வலித்தான், வலிக்கிறார்கள்’ என்று பிரித்தே வைத்துக்கொள்ளலாம், விளையாட்டுக்குத் ‘தண்டுப் படகுப் போட்டி’ என்று பெயர் கொடுக்கலாம். எண்ணிக்கைக்கு ‘இழுப்பு’ போதும். 2000 மீட்டர் பந்தயத்தைப் பற்றிய பத்தியில் ஆஸ்துமாவை யாரும் தேடமாட்டார்கள். இயந்திர மொழிபெயர்ப்பு இதற்கான ஆங்கிலச் சொல்லாகிய ‘ஸ்ட்ரோக்’ என்பதற்குப் ‘பக்கவாதம்’ போடும்போது அதைத் திருத்தாமல் விடுபவர்கள், ‘இழுப்பு’க்கு முகம் சுளிப்பது வேடிக்கை.

எண்மர் படகில் ஒன்பதாவதாக ஒருவர் இருக்கிறார். தண்டு பிடிக்காதவர், படகில் முன்னே பார்த்திருக்கும் ஒரே ஆள். சுக்கானைத் திருப்புவது, இழுப்பின் வேகத்தைச் சொல்வது, எதிரிப் படகு எங்கே இருக்கிறது என்று கத்துவது எல்லாம் அவர் வேலை. உலகப் போட்டிகளில் அவர் 55 கிலோவுக்குக் குறைந்தால் குறைந்த எடையை மூட்டையாகப் படகில் சுமக்க வேண்டும். படகின் எடையே 96 கிலோவுக்குக் குறையக்கூடாது. இவருக்கு ‘மாலுமி’ என்று எழுதுகிறார்கள். மாலுமி கப்பலையே நடத்துபவர், இவர் தண்டுப் படகின் சுக்கானி. சுக்கானி அரபுச் சொல்லாயிற்றே என்று தனித்தமிழ் அன்பர் ஒருவராவது வருவார். சுக்கான் அரபுதான், ஆனால் அவர் மாற்றாக நீட்டும் மாலுமியும் அரபே. ‘மீகாமன்’ என்று இன்னொருவர் வருவார். மரக்கலம் செலுத்தியவனுக்கான பெருஞ்சொல்லை எட்டுப் பேர் இழுக்கும் 17 மீட்டர்ப் படகின் பின்முனையில் உட்கார்ந்திருப்பவர்மேல் ஏற்றினால் சொல்லுக்கும் அழகில்லை, ஆளுக்கும் பொருந்தவில்லை. சுக்கானி கடற்கரையில் புழங்கும் சொல், வேலையையும் சரியாகச் சொல்கிறது. 1867இல் தொடங்கிய சென்னைப் படகுக் கழகம் அடையாற்றில் இருக்கிறது. அங்கே போனால் எல்லாரும் ‘காக்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். பேச்சில் அதுவும் இருக்கட்டும், சண்டை எழுத்தோடுதான்.

சுக்கானி இல்லாத படகும் உண்டு. நால்வர் படகானால் அதில் ஒருவரின் காலணியில் சுக்கான் கம்பியைக் கட்டியிருப்பார்கள், அவர் பாதத்தைத் திருப்பியபடியே இழுக்க வேண்டும். செய்தியில் இதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சுக்கானியுள்ள நால்வரும் இல்லாத நால்வரும் வேறு போட்டிகள்.

அப்படியானால் ஹாங்சோவை இப்படி எழுதலாம்: எடை குறைந்தோர் இரட்டைத்தண்டு இருவர், வெள்ளி. சுக்கானியுள்ள எண்மர், வெள்ளி. ஒற்றைத்தண்டு இருவர், வெண்கலம். மறுநாள் சுக்கானியில்லாத ஒற்றைத்தண்டு நால்வரும் இரட்டைத்தண்டு நால்வரும், வெண்கலம். ‘ஒருதண்டு இருவர்’ என்று சுருக்கிவிடாதீர்கள், இரண்டு பேர் சேர்ந்து ஒரே தண்டைப் பிடித்திருக்கிறார்கள் என்று தோன்றும்.