ஏலக்காட்டுக்குப் போவதும் பயணம்தான்

கம்பம் பள்ளத்தாக்கில் காய்ச்சலோடு வருகிறவர்களிடம் “வெளியூர் எங்கேயாவது போனீர்களா?” என்று கேட்டால், இல்லை என்றே பெரும்பாலும் பதில் வரும். விடிவதற்கு முன்பே ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்புகிறவர்களுக்கு அது வேலை, பயணம் அல்ல. அதனால், “மேலே தோட்டத்துக்குப் போனீர்களா, எந்தத் தேதியில்?” என்றே இப்போது கேட்கிறேன்.

ஒன்பது நாள் காய்ச்சலோடு வந்த ஓர் அம்மாவுக்கு, அதற்குள் டைபாய்டு என்று சொல்லி வேறிடத்தில் ஊசி போட்டிருந்தார்கள். “எங்கிட்டும் போகல சார், ஏலக்காட்டுக்குத்தான் போயிட்டு வர்றேன்” என்றார். செவிலியரை உடன் வைத்துக்கொண்டு உடல் முழுவதையும் பார்த்தபோது, பாவாடை நாடா இறுகும் இடத்தில், பீடி நெருப்பு சுட்டதுபோல, நடுவில் கறுத்த பொருக்கும் சுற்றிலும் சிவந்த வளையமுமாக ஒரு சிறு புண் இருந்தது. வலி இல்லாததால், அட்டை கடித்தது என்று நினைத்து யாரிடமும் அவர் சொல்லவில்லை. அது ஸ்கிரப் டைபஸ் என்ற தொற்றுக் காய்ச்சலைப் பரப்பும், கண்ணுக்கு எளிதில் தெரியாத உண்ணியின் இளம்பருவம் கடித்த அடையாளம். டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைத் தொடங்கிய இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கியது.

முன்பு போட்ட ஊசி ஏன் பலிக்கவில்லை என்றால், இந்நோயின் கிருமி உடலின் செல்களுக்குள்ளேயே தங்கிப் பெருகுவதால் பென்சிலின், செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகளுக்கு அது கட்டுப்படுவதில்லை. கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்பொருள் ரத்தப் பரிசோதனையில் தெரியவும் ஒரு வாரம் ஆகலாம். எனவே தொடக்கத்தில் ‘இல்லை’ என்று வந்த முடிவை நம்பி மருந்தைத் தள்ளிப்போடுவது ஆபத்து. எல்லோருக்கும் அந்தப் பொருக்கு இருப்பதும் இல்லை. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படும்.

வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்களிடம் நாட்கணக்கே பாதி நோயறிதல். ஊர் திரும்பி 14 நாட்களுக்குப் பிறகு தொடங்கும் காய்ச்சலை அங்கே தொற்றிய டெங்குவாகக் கொள்வது அரிது. ஆப்பிரிக்க நாடுகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவருக்கு அடுத்த சில மாதங்களில் காய்ச்சல் கண்டால், வேறு எதை நினைப்பதற்கும் முன் அன்றைக்கே மலேரியாவுக்கு ரத்தம் பார்க்க வேண்டும். ஃபால்சிபாரம் வகை ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கக் கூடியது. ஒரு பரிசோதனையில் தெரியாவிட்டால் அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் திரும்பப் பார்ப்பதே முறை. வைவாக்ஸ் வகையோ கல்லீரலில் உறங்கிக் கிடந்து மாதங்கள் கழித்தும் எழும்.

வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ வேறு யாருக்கும் காய்ச்சலா என்று கேட்கவும் தவறக் கூடாது. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் பிடிபட்டது, ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து ஒரே மாதிரி நோய் வந்ததை மருத்துவர்கள் கவனித்ததால்தான்.

காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினாலோ, அதற்கு முன்பே மூச்சுத் திணறல், சிறுநீர்க் குறைவு, மஞ்சள் காமாலை, பேச்சில் தடுமாற்றம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலோ, உடனே தொற்றுநோய்ச் சிறப்பு மருத்துவர் உள்ள பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். போகும்போது இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும், கடைசியாக மேலே போய் வந்த தேதியை எழுதிய ஒரு துண்டுச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.