கழுத்தைத் திருப்பியது பேயல்ல, மாத்திரை

மனநோய்க்கு மாத்திரை ஆரம்பித்த இரண்டாம் நாள் ராத்திரி தம்பிக்குக் கழுத்து ஒருபக்கமாக இழுத்துக்கொண்டது, கண் இரண்டும் மேலே செருகிவிட்டன, வீட்டில் பேய் என்று வேப்பிலை அடிக்க ஆள் கூப்பிட்டார்கள், மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

உண்டு. அவர் எழுதியிருக்கும் மாத்திரை ஹாலோபெரிடால். 1958-இல் பெல்ஜியத்தில் பால் யான்சனின் ஆய்வகத்தில் பிறந்தது. அதுவும், அதற்கு முன்பே 1952-இல் பாரிஸில் மனநோய்க்குக் கொடுக்கத் தொடங்கிய குளோர்புரோமசினும் மூளையில் நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற ரசாயனம் வந்து ஒட்டும் இடங்களை, அதாவது டி2 ஏற்பிகளை, அடைத்துக்கொள்கின்றன. காதில் கேட்கும் குரல்களும் காரணமில்லாத சந்தேகமும் அடங்குவது அதனால்தான். ஆனால் டோபமைனுக்கு மூளையில் பல வேலைகள். மருந்துக்கு இடம் பார்த்து அடைக்கத் தெரியாது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் அடைத்தால் பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் ஏறி மாதவிலக்கு தள்ளிப்போகும், சிலருக்குப் பால்கூடச் சுரக்கும்.

கழுத்து இழுப்பது, மூளையில் அசைவை ஒழுங்குபடுத்தும் ஸ்ட்ரையேட்டம் என்ற ஆழ்பகுதியின் கதை. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அங்குள்ள நரம்பணுக்களில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு செய்தி ரசாயனத்தைச் சுரப்பவை. சொற்பம்தான், ஆனால் உருவத்தில் பெரியவை. கிளைகளை அடர்த்தியாகப் பரப்பி அக்கம்பக்கத்தை ஆட்டிவைப்பவை. டோபமைன் அவற்றின் டி2 ஏற்பியில் வந்து உட்கார்ந்து அவற்றை அடக்கிவைக்கிறது. அந்த இடத்தை மருந்து பிடித்துக்கொண்டால் அடக்க ஆளில்லை. அசிட்டைல்கோலின் பெருகுகிறது, அசைவுக் கட்டளை குழம்புகிறது, எதிரெதிரான தசைகள் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. கழுத்து திரும்பும், தாடை பூட்டிக்கொள்ளும், நாக்கு துருத்தும். பெரும்பாலும் முதல் நாலைந்து நாளுக்குள், அதுவும் இளவயது ஆண்களுக்கு. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் டி2-ஐ அடைப்பதுதான். அதனாலும் இதே இழுப்பு வரும்.

பொதுவாக ஏற்கப்பட்ட இந்த விளக்கத்துக்குச் சாட்சி சிகிச்சையே. அசிட்டைல்கோலினைத் தடுக்கும் புரோமெதசின் ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணிக்குள் கழுத்து நேராகிவிடுகிறது.

அப்புறம், அளவு. ஏற்பிகள் எவ்வளவு அடைபட்டிருக்கின்றன என்று காட்டும் பெட் ஸ்கேனில் பார்த்தால், டி2 ஏற்பிகளில் சுமார் 65 சதவீதம் அடைபட்டதும் நோய் தணிகிறது; 80-ஐ நெருங்கினால் விறைப்பும் நடுக்கமும் வருகின்றன. இடைவெளி அவ்வளவுதான். அதனால் குறைந்த அளவில் தொடங்குவதுதான் சரி. இருப்புக்கொள்ளாமல் நடந்துகொண்டே இருப்பவரைப் பார்த்து 'நோய் முற்றிவிட்டது' என்று மாத்திரையைக் கூட்டினால் தவிப்பும் கூடும். அதுவும் பக்கவிளைவாக இருக்கலாம்.

மாத்திரைக் கவரில் 'கழுத்து இழுத்தால் உடனே வாருங்கள்' என்று தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், பாதிப் பேய்கள் ஓடிவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மருந்தின் மேல் பழி விழுந்து, அதை நிறுத்தி, நோய் திரும்பிவிடுவதுதான் பெரிய நஷ்டம்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். படுக்கையிலிருந்து மெதுவாக எழுந்திருங்கள், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். இதய நோய் இருந்தால் முதலிலேயே சொல்லி ஈசிஜி எடுத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு வாய் தானாக மெல்லுவதுபோல அசைய ஆரம்பித்தால் அடுத்த முறை பார்க்கும்வரை காத்திருக்கக் கூடாது. முற்றினால் அது நிலைத்துவிடலாம். தொண்டை இறுகி மூச்சு திணறினாலோ, கடும் காய்ச்சலோடு உடம்பு விறைத்து நினைவு தடுமாறினாலோ, அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் அந்த நிமிடமே 108-ஐக் கூப்பிடுங்கள்.