ஸ்டீயரிங் ஆயிலும் கியர் ஆயிலும்: உங்கள் வண்டிக்கு உரியது எது?

எங்கள் பட்டறைக்கு வரும் வண்டிகளின் உரிமையாளர்களில் பெரும்பாலோர், எஞ்சினுக்கு என்ன ஆயில் ஊற்றுகிறோம் என்பதைத் தயங்காமல் சொல்லிவிடுகிறார்கள். கியர் பாக்ஸிலும் பவர் ஸ்டீயரிங்கிலும் என்ன இருக்கிறது என்று கேட்டால் மட்டும், "சிவப்பு ஆயில்தான் சார்" என்ற பதிலோடு பேச்சு நின்றுவிடுகிறது. அந்தச் சிவப்பு வெறும் சாயம். கீழே சொட்டுவது எஞ்சின் ஆயிலா, வேறா என்று எளிதில் பிரித்தறியத் தயாரிப்பாளர்கள் அதைச் சேர்க்கிறார்கள். ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு ஆயில்கள் ஒரே சிவப்பில் இருக்கலாம். ஒரே தரத்தில் உள்ள இரண்டு ஆயில்கள் வேறுவேறு நிறத்திலும் இருக்கலாம். ஆகவே நிறத்தையும் விலையையும் விரலில் தொட்டுப் பார்க்கும் பிசுபிசுப்பையும் ஒதுக்கிவிட்டு, வண்டியின் கையேட்டிலும் ஆயில் தொட்டியின் மூடியிலும் அச்சிட்டிருக்கும் குறியீட்டை மட்டுமே நம்ப வேண்டும் என்று வருகிறவர்களிடமெல்லாம் வற்புறுத்திச் சொல்லி வருகிறேன்.

முதலில், உங்கள் வண்டியில் ஸ்டீயரிங் ஆயில் இருக்கிறதா என்பதையே உறுதி செய்துகொள்ளுங்கள். இப்போது விற்பனையாகும் சிறிய கார்களில் பெரும்பாலானவை மின் மோட்டாரால் இயங்கும் பவர் ஸ்டீயரிங் கொண்டவை. அவற்றில் ஊற்றுவதற்குத் தொட்டியே கிடையாது. பழைய பொலேரோ, ஸ்கார்ப்பியோ, இன்னோவா போன்றவற்றிலும் லாரி, பேருந்துகளிலும் எஞ்சினால் சுழலும் பம்பு, ஆயிலை அழுத்தி ஸ்டீயரிங்குக்கு அனுப்புகிறது. இவற்றுக்குத்தான் ஆயில் தேர்வு என்ற கேள்வி எழுகிறது.

கையால் கியர் மாற்றும் வண்டிகளில் நான் அதிகம் காணும் தவறு, ஜி.எல்.-4 என்ற தர வகைக் கியர் ஆயிலைக் கேட்கும் கியர் பாக்ஸில் ஜி.எல்.-5 வகையை ஊற்றுவது. எண் பெரிதாக இருப்பதால் அது மேலான ஆயில் என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு வேலைக்காக வகுக்கப்பட்டவை. பின்சக்கர அச்சில் இருக்கும் கிரவுன் பற்சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கியபடி பெரும் பாரத்தைத் தாங்குவதால், அவற்றைக் காக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் ஜி.எல்.-5இல் ஏறத்தாழ இரு மடங்கு இருக்கும். கியர் பாக்ஸுக்குள் இருக்கும் பித்தளை சின்க்ரோனைசர் வளையங்களுக்கோ, ஒரு பல்சக்கரத்தின் வேகத்தை மற்றொன்றோடு சமப்படுத்துவதற்கு ஓரளவு உராய்வு தேவை. வீரியமான ஆயில் அந்த உராய்வைக் குறைத்துவிடுவதோடு, சில வகைகளில் சூடேறும்போது பித்தளையையும் அரிக்கிறது. காலையில் முதல் கியர் விழ மறுப்பதும், இரண்டாவதுக்கு மாற்றும்போது கரகரப்பதும் அதன் அடையாளங்களாக இருக்கலாம். ஆக, ஒரே வண்டியில் கிரவுனுக்கு ஒன்றும் கியர் பாக்ஸுக்கு வேறொன்றும் தேவைப்படலாம். ஒரே கேனில் இரண்டையும் முடித்துவிட நினைக்கக் கூடாது. 75டபிள்யூ-80, 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90 என்ற எண்கள் ஆயிலின் தடிப்பைக் குறிக்கின்றனவே தவிர, இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

தானியங்கி வண்டிகளில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். "ஆட்டோமேட்டிக்" என்று நாம் பொதுவாகச் சொல்வது நான்கு விதமான கியர் பெட்டிகளைக் குறிக்கிறது. ஏ.எம்.டி. வகையில் உள்ளே இருப்பது சாதாரணக் கியர் பாக்ஸ்தான். அதற்குக் கியர் ஆயிலும், கியரை மாற்றித் தரும் கருவிக்குத் தனி ஆயிலும் தேவைப்படுவது உண்டு. டார்க் கன்வெர்ட்டர் வகைக்கு ஏ.டி.எஃப். எனப்படும் தானியங்கிப் பெட்டி ஆயில் வேண்டும், இரட்டைக் கிளட்ச் பெட்டிக்கு அதற்கென்றே உருவாக்கிய ஆயில் வேண்டும். சி.வி.டி. வகையில் எஃகுப் பட்டையொன்று இரு கப்பிகளுக்கு நடுவே நழுவாமல் பிடித்துச் சுழல வேண்டும். அந்தப் பிடிப்பைத் தருவதே அதன் ஆயில். நிசான் என்.எஸ்.-3, ஹோண்டா எச்.சி.எஃப்.-2 என்று நிறுவனங்கள் தனித்தனிப் பெயரிட்டு விற்பதற்கு அதுதான் காரணம். சி.வி.டி.யில் சாதாரண ஏ.டி.எஃப். ஊற்றினால் பட்டை வழுக்கி, கப்பியின் முகத்தில் கீறல் விழுந்து, பெட்டியையே மாற்றும் அளவுக்குச் செலவு போய்விடக்கூடும்.

"எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று எழுதிய கேன்களைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: உங்கள் கையேடு கேட்கும் குறியீட்டின் பெயர் அந்தக் கேனில் தெளிவாக இல்லையென்றால் வாங்காதீர்கள். பெயர் இருந்தாலும், "ஒப்புதல் பெற்றது" என்பதற்கும் "பயன்படுத்த ஏற்றது" என்பதற்கும் வேறுபாடு உண்டு. பின்னது ஆயில் தயாரிப்பாளரின் சொந்தக் கூற்று மட்டுமே. டெக்ஸ்ரான் 3 என்ற ஏ.டி.எஃப். தரத்துக்கு உரிமம் வழங்குவதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டது. இன்று கடையில் அந்தப் பெயரோடு இருக்கும் ஆயில்களின் தரத்துக்கு, அவற்றைத் தயாரித்தவரின் நாணயம் ஒன்றே பொறுப்பு. நம்பகமான நிறுவனத்தின் ஆயிலாகப் பார்த்து, உரிய ரசீதோடு வாங்குங்கள்.

பவர் ஸ்டீயரிங்கில் பல வண்டிகள் டெக்ஸ்ரான் வகை ஏ.டி.எஃப்.பையே ஏற்கின்றன. ஆனால் நீர்ம ஸ்டீயரிங் கொண்ட பழைய ஹோண்டா கார்களுக்கு அந்நிறுவனம் தனி ஆயிலைக் குறிப்பிடுகிறது. ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் பென்டோசின் சி.எச்.எஃப். 11எஸ் போன்ற பச்சை நிறச் செயற்கை ஆயில் இருக்கும். பச்சை இருக்கும் தொட்டியில் சிவப்பைக் கலப்பது, அவசரத்துக்குக்கூடச் செய்யத் தகாதது. பம்பின் தடிப்புத் தேவையும் சீல்களின் ரப்பரும் மூல ஆயிலை ஒட்டியே அமைக்கப்பட்டவை.

இதில் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்வது பிரேக் ஆயில் கலப்பு. ஸ்டீயரிங் தொட்டியில் அளவு குறைந்ததைப் பார்த்த யாரோ, கையில் கிடைத்த டாட் 3 பிரேக் ஆயிலை ஊற்றிவிட்ட வண்டிகள் பட்டறைக்கு வந்திருக்கின்றன. பிரேக் ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது; ஸ்டீயரிங்கின் நைட்ரைல் ரப்பர் சீல்கள் அதில் ஊறி, உப்பி, இளகிவிடும். பிறகு பம்பு, குழாய், ரேக் எல்லாவற்றையும் கழற்றிச் சீல்களை மாற்றாமல் வழியில்லை. இதன் மறுபக்கம் உயிருக்கே ஆபத்தானது. பிரேக் தொட்டியில் ஸ்டீயரிங் ஆயிலோ எஞ்சின் ஆயிலோ சில துளி விழுந்தாலும் பிரேக்கின் ரப்பர் கப்புகள் உப்பத் தொடங்கும். பிரேக் பிடித்தபடி இறுகிப்போகும், அல்லது பிடிக்காமலே போகும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அப்படி நேர்ந்தால் என்னவாகும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. ஆயில் எடுத்த புனலைத் துடைத்துவிட்டுப் பிரேக் ஆயிலுக்கும் பயன்படுத்தும் பழக்கத்தைப் பட்டறை நண்பர்கள் இன்றே கைவிட வேண்டும்.

மாற்றும் கால அளவையும் கையேட்டிலேயே பாருங்கள். கடுமையான பயன்பாட்டுக்கு அதில் தனிக் கணக்கு இருக்கும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நம் வடாற்காட்டு வெயிலும், காட்பாடிச் சாலையின் நெரிசலும், மலையேற்றமும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஏ.டி.எஃப்.பின் அளவைப் பார்க்கும் முறைகூட வண்டிக்கு வண்டி மாறும். பலவற்றில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது சூடான நிலையில் பார்க்க வேண்டும், சிலவற்றில் அணைத்த பிறகு. கீழுள்ள போல்ட்டைக் கழற்றினால் முழு ஆயிலும் வந்துவிடாது, டார்க் கன்வெர்ட்டரில் கணிசமான பகுதி தங்கிவிடும் என்பதால், தவறான ஆயில் ஊற்றியிருந்தால் ஒருமுறை வடித்து நிரப்புவது போதாது. ஆயில் பால்போல இளஞ்சிவப்பாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கருத்துத் தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் தகடுகள் தேய்கின்றன. இரண்டிலும் புது ஆயில் மட்டும் தீர்வாகாது.

வழியில் ஸ்டீயரிங் ஆயில் ஒழுகிவிட்டால், உரிய ஆயில் கிடைக்கும்வரை வேறெதையும் ஊற்றாதீர்கள். ஸ்டீயரிங் கனமாகத் திரும்பும், ஆனால் திரும்பும். அருகில் பட்டறை இருந்தால் மெதுவாக ஓட்டிச் சேரலாம். தொட்டி முற்றிலும் வற்றிவிட்டால் பம்பு உலர்ந்து தேயும் என்பதால் எஞ்சினை அணைத்துவிட்டு ஆள் அனுப்புவதே சிக்கனம். தானியங்கிப் பெட்டியில் ஆயில் போய்விட்டாலோ ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. கயிறு கட்டி இழுக்கவும் சம்மதிக்காதீர்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது உள்ளிருக்கும் பம்பும் சுழலாது, சக்கரங்கள் உருளும்போது பெட்டியின் பாகங்கள் ஆயிலின்றிச் சுழலும். நான்கு சக்கரங்களும் தரையில் படாமல் ஏற்றிச் செல்லும் தட்டு வண்டியை வரவழையுங்கள்.