சிதறுவதற்காகவே செய்யப்படும் சன்னம்

2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு, பயிர்களை அழிக்கும் குரங்கு, மயில் முதலியவை நாடெங்கும் 5 நிமிட நேரம் கணக்கெடுக்கப்பட்டபோது, அவற்றைச் சுட்டுவிட்டால் தொல்லை தீர்ந்துவிடும் என்ற பேச்சைக் கொழும்பிலும் கேட்க முடிந்தது. சுடலாமா என்பது சட்டமும் மனச்சாட்சியும் தீர்மானிக்க வேண்டிய விடயம். ஆனால், சுடப்படும் பிராணி அக்கணமே உயிர்விடுமா, காயத்தோடு ஓடிப் பல நாள் வதைபடுமா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது சன்னத்தின் அமைப்பே. நம் நாட்டு உழவர்களுக்கு உரிமத்துடன் கிடைப்பது பெரும்பாலும் சிறு குண்டுகளைப் பரவலாக எறியும் சொட்கண் என்பதால், இந்த அமைப்பைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை. வட அமெரிக்காவிலோ ஒரு கிலோகிராம் அளவே எடையுள்ள புல்வெளி நாய் என்னும் நிலவாழ் அணிலையும், 10 முதல் 20 கிலோகிராம் வரை எடையுள்ள கயோட்டி என்னும் ஓநாயினப் பிராணியையும் 200, 300 மீற்றர் தொலைவிலிருந்து றைபிளின் ஒற்றைச் சன்னத்தால் சுடுகிறார்கள்.

இவ்விரண்டில் சிறிய பிராணிக்கென வடிவமைக்கப்பட்ட சன்னத்தின் முதற்பண்பு, பட்டவுடன் உடைந்து நொறுங்குவதாகும். அதன் உள்ளே மென்மையான ஈயமும், வெளியே மிக மெல்லிய செப்புக் கலப்புலோக உறையும், பெரும்பாலும் முனையில் ஒரு பிளாஸ்ரிக் கூரும் இருக்கும். இலக்கைத் தொட்டதும் அந்தக் கூர் ஆப்புப்போல் பின்னோக்கி இறங்கி உறையைப் பிளக்க, ஈயம் துகள்களாகிவிடுகிறது. வெடிமருந்தும் சன்னமும் ஒன்றாக அடங்கிய .223 ரெமிங்டன் என்னும் வகைத் தோட்டாவிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 990 மீற்றர் வேகத்தில் புறப்படும் 3.6 கிராம் சன்னம், குழல்வாயைக் கடக்கும்போது சுமார் 1,750 ஜூல் இயக்க ஆற்றலைக் கொண்டிருக்கிறது. தொலைவுக்கேற்ப அதிற் குறைந்து எஞ்சும் ஆற்றலின் பெரும்பகுதி சில சென்ரிமீற்றர் ஆழத்துக்குள் செலவாகிவிடுவதால் சிறிய பிராணி உடனே இறக்கிறது. நொறுங்கிய துகள்கள் தரையிலோ கல்லிலோ தெறித்து வெகுதூரம் செல்லும் அபாயமும் முழுச் சன்னத்தைவிடக் குறைகிறது.

இதே சன்னத்தைக் கயோட்டியின் தோள் எலும்பின்மேல் செலுத்தினால், அது நுரையீரலை எட்டுமுன்பே தசையிலும் எலும்பிலுமே நொறுங்கி, பார்வைக்குப் பயங்கரமாகவும் உயிரைப் போக்காததாகவும் ஒரு மேற்காயத்தை உண்டாக்கிவிடக்கூடும். என் கருத்தில், இத்துறையில் நேரக்கூடிய தவறுகளிலே மிகக் கொடியது இதுவே. ஆகவே பெரிய பிராணிக்கு, சற்றுத் தடித்த உறையும் சற்றுக் கூடிய எடையும் கொண்டு, ஊடுருவிய பின்னரே விரியும் சன்னம் தேவைப்படுகிறது. உரோமத்துக்காக வேட்டையாடுபவர்களோ, சன்னம் சிறு துளையாய் உள்ளே சென்று மறுபுறம் வெளிவராமல் உள்ளேயே நிற்க வேண்டுமென விரும்புவதால், இவ்விரு எல்லைகளுக்கும் நடுவே ஒன்றைத் தேட வேண்டியவர்களாகிறார்கள்.

சன்னத்தைத் தெரிவு செய்யும்போது துப்பாக்கிக் குழலையும் பார்த்தாக வேண்டும். பறக்கும் சன்னத்தில் காற்றின் எதிர்ப்பு விசை செயற்படும் புள்ளி, அதன் திணிவு மையத்துக்கு முன்னால் அமைவதால், காற்று அதனைக் குப்புறக் கவிழ்க்கவே முயல்கிறது. குழலின் உட்சுவரிலுள்ள திருகுத் தவாளிப்புகள் தரும் சுழற்சியே, சுழலும் பம்பரத்தை நிமிர்த்தி வைப்பதுபோல், சன்னத்தின் மூக்கை முன்னோக்கி வைத்திருக்கிறது. 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற திருகுள்ள குழலிலிருந்து மேற்சொன்ன சன்னம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,94,000 சுற்றுகளுடன் வெளியேறுகிறது. 8 அங்குலத்துக்கு ஒரு சுற்றாயின் அது 2,90,000ஐயும் தாண்டும். மெல்லிய உறையுள்ள சில சன்னங்கள் இத்தகைய சுழற்சியைத் தாங்காமல் இலக்கை அடையுமுன்பே காற்றில் சிதறிவிடுவதுண்டு. எவ்வளவு திருகு வேண்டும் என்பதை எடையைவிடச் சன்னத்தின் நீளமே முதன்மையாகத் தீர்மானிக்கிறது என்பதை, 1879இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் அல்பிரட் ஜோர்ஜ் கிரீன்ஹில் வகுத்த எளிய சூத்திரம் காட்டுகிறது.

பக்கக் காற்றுச் சன்னத்தை எவ்வளவு விலக்கும் என்பது, அது பறக்கும் மொத்த நேரத்தை அல்ல, காற்றெதிர்ப்பால் அதற்கு நேரும் தாமதத்தையே பொறுத்தது. மேற்படி சன்னம் 275 மீற்றரைக் கடக்கையில், காற்றே இல்லாத வெளியில் எடுக்கும் நேரத்தைவிட ஏறக்குறைய 0.06 விநாடி கூடுதலாக எடுக்கிறது. விநாடிக்கு 4.5 மீற்றர் வேகமுள்ள பக்கக் காற்றில் இதனால் வரும் விலகல் 27 சென்ரிமீற்றர் ஆகும். புல்வெளி நாயின் உடல் அகலத்தை இது எளிதில் மிஞ்சிவிடும்! ஆகவே புறப்படும் வேகத்தைப் போலவே, காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவமும் முக்கியம்.

தோட்டாவைத் தாமே நிரப்புவோர் நாடுவதும் வெறும் வேகத்தையன்று, ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் வேறுபாடில்லாத சீர்மையையே. வெடிமருந்தின் எடை, அதை அடக்கியிருக்கும் உலோகக் கோதின் உட்கொள்ளளவு, சன்னம் கோதினுள் இறங்கியிருக்கும் ஆழம் ஆகிய ஒவ்வொன்றும் அழுத்தத்தை மாற்றுகிறது. .223 தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை விதித்துள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 இறாத்தல், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் 3,700 மடங்குக்கும் மேல். குளிர்நாட்டில் இவ்வெல்லைக்கு மிக அருகே நிரப்பப்பட்ட தோட்டா வெயிலில் சூடேறிய பின் அதனை மீறக்கூடும் என்பதால், உற்பத்தியாளர் வெளியிடும் அளவுகளைத் தாண்டுவது உயிராபத்தானது.

துகளாகச் சிதறும் ஈயம் இறந்த உடலிலேயே தங்கி, அதைத் தின்னும் பறவைகளுக்கு நஞ்சாகிறது. கலிபோர்னியாவில் கொண்டோர் கழுகுகளின் இறப்புக்கு ஈய நஞ்சே ஒரு முதன்மைக் காரணமாயிற்று. 2019 ஜூலை 1 முதல் அங்கு வேட்டைக்கு ஈயச் சன்னம் முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. இத்தடையை நான் முழுமனதோடு ஏற்கிறேன். மாற்றாக வரும் செப்பின் அடர்த்தி ஈயத்தின் ஐந்தில் நான்கு பங்கே என்பதால், அதே எடையுள்ள செப்புச் சன்னம் நீளமாகிவிடுகிறது. 12 அங்குலத் திருகுள்ள பழைய றைபிள்களில் அந்த நீளம் நிலைகொள்ளாமல் கவிழக்கூடுமாதலால், அவற்றை வைத்திருப்போர் எடை குறைந்த செப்புச் சன்னத்துக்கோ, செப்பும் வெள்ளீயமும் கலந்த தூளை அழுத்திச் செய்த, எடையும் நீளமும் குறைந்த சன்னத்துக்கோ மாற வேண்டியிருக்கிறது.