முதல்ல என்ன பூசினீங்க எண்டு சொல்லுங்கோ

தோல் டொக்டர் எண்டா சனம் கொஞ்சம் லேசாத்தான் பாக்கும், உயிர் போற வருத்தம் ஒண்டும் இல்லத்தானே, ஒரு கிரீம் எழுதிக் குடுத்தாச் சரிதானே எண்டு என்ர சொந்தக்காரரே கேட்டிருக்கினம். எம்பிபிஎஸ் 5 வருசம், இன்டர்ன்ஷிப் 1 வருசம், பிறகு கொழும்பு பிஜிஐஎம் (டொக்டர்மாரின்ர மேற்படிப்பு நிறுவனம்) சோதினை, ரெஜிஸ்ட்ரார், எம்டி, சீனியர் ரெஜிஸ்ட்ரார், வெளிநாட்டுப் பயிற்சி எண்டு ஒருத்தர் கொன்சல்டன்ட் ஆகி முடிய பத்து வருசத்துக்கு மேல போயிடும். நான் தோலை எடுத்ததுக்குக் காரணம் படம் கீறுறது. சின்னனில இருந்தே எனக்கு அதில பைத்தியம், திருகோணமலையில படிக்கேக்க கொப்பியின்ர கடைசிப் பக்கம் எல்லாம் முகமும் கையுமாத்தான் இருக்கும். வார்டில தோல் நோயாளிகளைப் பாக்கத் தொடங்கினப்பதான் விளங்கிச்சு, இங்க கண்ணாலதான் பாதி வருத்தம் பிடிபடும் எண்டு.

இப்பவும் ஒவ்வொருத்தருக்கும் ஒரு உடம்புப் படம் கீறி எங்கெங்க தடிப்பு இருக்கு எண்டு குறிப்பன். இடத்தைப் பாத்தாலே கனக்க விசயம் தெரியும். முழங்கை, முழங்கால், தலைத்தோலில வெள்ளைச் செதிலோட தடிப்பு எண்டா சொரியாசிஸ் எண்ட செதில் நோயை யோசிக்கோணும். விரல் இடுக்கில, மணிக்கட்டில, இடுப்பில பொரிப்பொரியா வந்து ராவில கடி கூடினா ஸ்கேபீஸ் எண்ட சொறி, அதுக்கு வீட்டில எல்லாரும் ஒரே நாளில மருந்து பூசோணும், இல்லாட்டி திரும்பத் திரும்ப வரும். நெத்தி நடுவில பொட்டு அளவுக்கு வெள்ளையாப் போன பொம்பிளைகள் நிறையப்பேர் வருவினம், வெண்புள்ளி வந்திட்டுது, பிள்ளைக்குக் கலியாணம் நடக்காது எண்டு தாய்மார் அழுதுகொண்டு வருவினம். அதில சிலருக்கு ஸ்டிக்கர் பொட்டின்ர பசையில இருக்கிற கெமிக்கல்தான் காரணம். பொட்டை நிப்பாட்டி மருந்து பாவிச்சா சில பேருக்கு நிறம் திரும்பி வரும், சில பேருக்கு வராது, அதையும் முதல் நாளே மறைக்காமச் சொல்லுவன்.

நாங்க படிச்ச புத்தகங்களில பெரும்பாலும் வெள்ளைத் தோலின்ர படங்கள்தான், தடிப்பெல்லாம் செக்கச்செவேல் எண்டு இருக்கும். எங்கட ஆக்களில அந்தச் சிவப்பு மண்ணிறமா, ஊதாவா, சில நேரம் கறுப்பாத்தான் தெரியும். அதால போனில அனுப்புற போட்டோவைப் பாத்து மருந்து சொல்ல எனக்கு விருப்பமில்ல. நேர வாங்கோ, வெளிச்சத்தில வச்சுப் பாக்கோணும், கையால தடவிப் பாக்கோணும்.

இப்ப என்னை ஆகலும் கவலைப்படுத்திற விசயத்துக்கு வாறன். கிளினிக்கில ஒருத்தர் வந்து இருந்த உடன நான் கேக்கிறது, இவ்வளவு நாளும் என்ன பூசினீங்க எண்டுதான். "ஒண்டும் பூசேல்ல டொக்டர்" எண்டுதான் முதல் சொல்லுவினம். கொஞ்சம் கதைச்சுப் பாத்தா பக்கத்து வீட்டு அக்கா தந்த டியூப், பாமசியில கேட்டு வாங்கினது, பேஸ்புக்கில ஓடர் பண்ணின நைட் கிரீம் எண்டு ஒவ்வொண்டா வரும். ஏச்சு விழும் எண்ட பயம்தான் காரணம் எண்டு தெரியும், நான் ஏச மாட்டன், ஆனா பூசினது என்ன எண்டு தெரியாம எனக்கு வருத்தத்தைப் பிடிக்க ஏலாது. தொடையிடுக்கில பங்கஸால படை வந்த ஒருத்தர் குளோபெட்டசோல் எண்ட வீரியம் கூடின ஸ்டீரொய்ட் கிரீமைப் பூசினார் எண்டு வையுங்கோ, ரெண்டு நாளில கடி நிக்கும், மருந்து வேலை செய்யுது எண்டு நினைப்பார். உண்மையில அந்த ஸ்டீரொய்ட் தோலின்ர எதிர்ப்பை அமத்தி வைக்குது, பங்கஸ் அதுபாட்டுக்கு வளருது, படையின்ர வட்டமான விளிம்பு அழிஞ்சு போறதால என்னைப்போல ஆக்களுக்கே அது படைதானா எண்டு சந்தேகம் வரும். கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில வேர்வையில நனைஞ்ச ஜீன்ஸோட நாள் முழுக்க மோட்டர்சைக்கிளில திரியிற பெடியள்தான் இதில கூட.

ஸ்டீரொய்ட் கெட்ட மருந்து எண்டு நான் சொல்லேல்ல. 1952இல ஹைட்ரோகோட்டிசோன் எண்ட ஸ்டீரொய்ட் பூசுமருந்தா வந்த பிறகுதான் எக்ஸிமா எண்ட தோல் அழற்சிக்காரருக்கு விடிவே வந்தது. ஆனா எந்த இடத்துக்கு எவ்வளவு வீரியம், எத்தனை நாள் எண்டு ஒரு கணக்கு இருக்கு. டியூபை சுட்டுவிரல் நுனியில இருந்து முதல் மடிப்பு வரைக்கும் பிதுக்கினா கிட்டத்தட்ட அரைக் கிராம், அது விரல்களோட சேத்து ரெண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். முகத்தில மாசக்கணக்கா வீரியம் கூடினதைப் பூசினா தோல் மெலிஞ்சு, சின்ன ரத்தக் குழாயள் தெரிஞ்சு, பருவும் மயிரும் வந்து, நிப்பாட்டின உடன முகம் எரிஞ்சு சிவக்கும், அந்த எரிவுக்குப் பயந்து திரும்பப் பூசுவினம். அப்பிடி மாட்டுப்பட்டிருந்தா நீங்களா ஒரேயடியா விட வேண்டாம், வந்து காட்டுங்கோ, படிப்படியாக் குறைக்கலாம்.

வெள்ளையாக்கிற கிரீம்கள் இன்னும் மோசம், சிலதில பாதரசம் இருக்கு. அது தோலுக்கு நிறம் குடுக்கிற மெலனின் உருவாகிறதைத் தடுக்கிறதால நிறம் குறையிறது உண்மை, ஆனா தோலால உள்ள போய் சிறுநீரகத்தைப் பழுதாக்கும், முகம் கால் வீங்கி சலத்தில புரதம் போகத் தொடங்கின பிறகுதான் சிலருக்குத் தெரியவரும். பூசின தாயின்ர துவாயால, தலையணையால பிள்ளைக்கும் போகும். லேபிள் இல்லாத டப்பா, எங்க செய்தது எண்டு போடாத டப்பா, தங்க நகையில படாமப் பாத்துக்கொள்ளுங்கோ எண்டு எழுதியிருக்கிற டப்பா, இதுகளைத் தொடவே வேண்டாம். கலியாணத்துக்கு ரெண்டு மாசம் இருக்கு, நிறமாக்கி விடுங்கோ எண்டு கேட்டு வாற தங்கச்சிமாரிட்ட நான் இதைத்தான் நேரமெடுத்துக் கதைக்கிறது. உங்கட நிறத்தில ஒரு வருத்தமும் இல்ல.

கிண்ணியா, மூதூர், குச்சவெளி எண்டு தூர இடங்களில இருந்து வாற ஆக்களிட்ட நான் விடாமப் பாக்கிறது இன்னொண்டு இருக்கு. தோலில ஒரு மங்கின தேமல், கடியும் இல்ல நோவும் இல்ல. ஆளைக் கண்ணை மூடச் சொல்லிப்போட்டு பஞ்சு நுனியால தொடுவன், தொட்ட இடத்தை விரலால காட்டச் சொல்லுவன். மற்ற எல்லா இடமும் காட்டினவர் அந்தத் தேமலில மட்டும் பேசாம இருந்தா அது தொழுநோயா இருக்கலாம். கிருமி உள்ள போய் சராசரியா 5 வருசம், சில பேரில 20 வருசம் கழிச்சும் வெளியில வரும், அதால எங்க தொத்தினது எண்டு தேடிக் களைக்க வேண்டாம். ஒல்லாந்தர் காலத்தில 1708இல கொழும்புக்குக் கிட்ட ஹெந்தளையில ஆஸ்பத்திரி கட்டி ஒதுக்கி வச்சாங்க, பிறகு மட்டக்களப்பு வாவியில மாந்தீவுக்குக் கொண்டுபோய் விட்டாங்க, அந்தக் கதைகள் கேட்டு வளந்த பயம் இன்னும் போகேல்ல. இண்டைக்கு இது குளிசையால மாறுற வருத்தம். வகையைப் பொறுத்து 6 மாசம் இல்லாட்டி 12 மாசம், மருந்து முழுக்க இலவசம், தொடங்கிக் கொஞ்ச நாளிலயே மற்றவைக்குத் தொத்திற தன்மை போயிடும். இதுக்குக் குடுக்கிற மருந்துகளில ரிஃபாம்பிசின் குடிக்கிற நாளில சலம் சிவப்பாப் போகும், அது ரத்தம் இல்ல, பயந்து மருந்தை விடாதேங்கோ. மற்ற மருந்து குளோபாசிமின் தோலைக் கறுப்பாக்கும், மருந்து முடிஞ்ச பிறகு மெல்ல மெல்லக் குறையும். பிந்தி வந்தாத்தான் நரம்பு பழுதாகி விரல் மடங்கிறது, காலில புண் வாறது எல்லாம்.

மூதூர்ப் பக்கம் இருந்து வந்த ஒரு உம்மா, இந்த வருத்தம் எண்டு சொன்ன பிறகு கதிரையைக் கொஞ்சம் பின்னால இழுத்து இருந்தா. நான் எழும்பிப் போய் பக்கத்தில நிண்டு அவட கையைப் பிடிச்சு நரம்பு தடிச்சிருக்கா எண்டு தடவிப் பாத்தன், "டொக்டர், கையுறை போடல்லயா?" எண்டு கேட்டா. தேவையில்ல உம்மா எண்டன். தோல் வருத்தக்காரரை வீட்டிலயே தொடாம விடுறாங்க, தட்டுக் கோப்பையைப் பிரிச்சு வைக்கிறாங்க, அதால என்ன வருத்தமா இருந்தாலும் ஒருக்காத் தொட்டுப் பாக்காம நான் ஆளை அனுப்பிறதில்ல. புதுசா வாற இன்டர்ன் பிள்ளையளுக்கும் இதைத்தான் முதல்ல பழக்கிறன்.

லீவு நாளில விடிய வெள்ளன உப்புவெளிக் கடலில நீந்தப் போவன், மே மாசத்தில இருந்து கடல் அமைதியா இருக்கும், வெயில் ஏறமுதல் வந்திடுவன், பத்து மணிக்கும் மூண்டு மணிக்கும் இடையிலதான் வெயிலின்ர கடுமை கூட. அங்க வலை இழுக்கிற ஐயாமாரோட கதைக்கிறது எனக்கு விருப்பம். கறுத்த தோலுக்குத் தோல் கான்சர் வராது எண்டு அவையும் நம்புகினம். குறைவுதான், ஆனா மெலனோமா எண்ட தோல் கான்சர் எங்கட ஆக்களில வந்தா வெயில் படாத உள்ளங்காலில, நகத்துக்குக் கீழதான் கூடுதலா வரும். பாடகர் பொப் மார்லி 36 வயசில 1981இல செத்தது கால் பெருவிரல் நகத்துக்குக் கீழ வந்த மெலனோமாவாலதான். வெறுங்காலோட திரியிற ஆக்கள் மாசத்தில ஒருக்கா உள்ளங்காலைப் பாருங்கோ, குனிய ஏலாட்டி மனிசியையோ பிள்ளையையோ பாக்கச் சொல்லுங்கோ. புதுசா ஒரு கறுப்பு அடையாளம் வந்து பெருத்துக்கொண்டு போனாலோ, நகத்தில கறுப்புக் கோடு விழுந்து அகலிச்சாலோ, கால் ஆணி எண்டு நினைச்சு பிளேட்டால சீவாதேங்கோ, அப்பிடியே கொண்டு வந்து காட்டுங்கோ.